உதட்டுப் பிளவு: "யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

சேலத்துக்காரி:
சிசேரியன் முடிந்து எனக்குக் காலில் மரப்புகூட போகவில்லை, அதற்குள் வார்டுக்கு வெளியே பேச்சு ஆரம்பித்துவிட்டது. பையனுக்கு மேலுதடு இடது பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், சேரவில்லை. "கிரகணத்தன்னிக்கு இவ வெங்காயம் நறுக்குனா, நானே பார்த்தேன்" என்று சின்ன மாமியார். "எங்க பக்கம் ஒருத்தருக்கும் மூளி உதடு கிடையாது" என்று மாமியார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிரகணம் வந்தது என் ஏழாம் மாதத்தில். ஆனால் உதடு ஒன்றுசேர்வது கருவின் நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியான நேரத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டிருக்கிறது, ஏழாம் மாத வெங்காயம் என்ன செய்யும்?

மூன்றாம் மாதம் உதட்டு ஆபரேஷனுக்கு முன்னால் ஜெனடிக் ஓபிக்கு, அதாவது பரம்பரை நோய்களைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் பையனைப் பார்த்ததைவிட என் கணவரின் வாயைத்தான் அதிக நேரம் பார்த்தார். கீழுதட்டில் நடுவுக்கு இரண்டு பக்கமும் கடுகளவு குழி. சின்ன வயதில் விழுந்து பல் குத்திய தழும்பு என்றுதான் அவரே நினைத்திருந்தார். "உங்கம்மா வந்திருக்காங்களா?" என்றார் டாக்டர். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல முந்தானையால் கீழுதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஈரம், அந்தக் குழிகளில் இருந்து கசியும் எச்சில்!

வான் டெர் வூட் சிண்ட்ரோம் என்றார்கள். பெரும்பாலும் ஐஆர்எஃப்6 என்ற மரபணுவில் வரும் மாற்றம், 2002ல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒருவருக்கு வெறும் குழியோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு உதடு பிளக்கும், வேறொருவருக்கு அண்ணம் மட்டும். ஒரே குடும்பத்தில் இப்படிக் கலந்து வருவதுதான் இதன் அடையாளமாம். என் நாத்தனார் சின்னதிலிருந்தே மூக்கால் பேசுவாள், அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் மாமியார் கிரகணப் பேச்சை விட்டுவிட்டார். வெளி ஆட்களிடம் மட்டும் இன்றுவரை வெங்காயக் கதைதான்.

ஓசூர் அப்பா:
எங்கள் வீட்டில் யார் பக்கம் என்று சண்டை போடவே வழியில்லை, அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன், இரண்டு பக்கமும் ஒரே பக்கம். மகளுக்கு அண்ணம் மட்டும் பிளவு. உதடு நன்றாக இருந்ததால் பாலெல்லாம் மூக்கு வழியாக வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். பாலாடையில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தோம். மாமன், அக்கா மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரண்டு நகலும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு, அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று என்று டாக்டர் தாளில் போட்டுக் காட்டினார். அதனால்தான் வந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பெரும்பாலான பிளவுக்கு ஒற்றை மரபணு காரணம் கிடையாது, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர, மேலே சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள் சேர்ந்துகொள்ளும். மனைவி வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வந்ததை அப்போதுதான் சொன்னோம். முன்கூட்டி யாருமே கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அடுத்த பிள்ளைக்கு முன்பே மருந்தை மாற்றி, ஃபோலிக் ஆசிட்டும் ஆரம்பித்தார்கள். ஆனால் தயவுசெய்து வலிப்பு மாத்திரையை யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

தையல்தழும்பு:
நான் பிளவோடு பிறந்தவன், வயது 31. பெண் பார்க்கப் போன இடத்தில் தழும்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, காபி முடிந்த பிறகு பெண்ணின் அத்தை மட்டும் "பிறக்கிற பிள்ளைக்கும் வருமா?" என்றார். உள்ளுக்குள் நானே பாதிக்குப் பாதி என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பிறகு போய்க் கேட்டால், உதட்டில் குழி, இதயக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதும் 100ல் 3 முதல் 5 என்றார்கள். பொதுவாக 700 பிறப்புக்கு ஒன்று. ஒரே மரபணுக்களோடு ஒரே சாயலில் இருக்கும் இரட்டையரிலேயே ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டாம், அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண்ணிடம் போனில் இதே எண்ணைச் சொன்னேன், "சரி, அஞ்சுதானே" என்றாள்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது, பிளவு இல்லை. இருபதாவது வார ஸ்கேனில் உதடு தெரிந்துவிடும், அண்ணம் பல நேரம் தெரியாது. அதனால் பிறந்த உடனே டார்ச் அடித்து உள்நாக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். அண்ணத்தில் தோல் மூடி, உள்ளே தசை மட்டும் பிளந்திருந்தால் வெளியே தெரியாது, உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதும் மூக்கால் பேசுவதும்தான் துப்பு.

சேலத்துக்காரி:
இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே நாத்தனாரை வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்தேன். இரண்டாகத்தான் இருக்கிறது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம். வெள்ளிக்கிழமை ஜெனடிக் ஓபி, கூட்டிக்கொண்டு போகிறேன், மாமியாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.