புதுப்பிப்பு: மின்சார ஸ்மோக்கரில் புகை வராத சிக்கல் தீர்ந்தது

கொடைக்கானலில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்மோக்கரில் (மரச்சில்லுகளை ஹீட்டரால் புகையவைத்து, அந்தப் புகையிலும் சூட்டிலும் இறைச்சியை வேகவைக்கும் அடுப்பு), முதலில் வெறும் ஆவியும் பிறகு அடர்ந்த வெண்புகையும் வந்து கோழிக்கறி கசப்பதாக முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, மரச்சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைக்கவே வேண்டாம் என்ற யோசனைதான். ஈரம் வற்றும்வரை மரம் புகையாது. இங்குள்ள மூடுபனியிலோ ஊறவைக்காத சில்லுகூடக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்பதால், அவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் ஒயரையும் மாற்றிப் பார்த்தேன், அதில் வித்தியாசம் தெரியவில்லை.

யூகலிப்டஸில் எண்ணெயும் பைனில் பிசினும் இருப்பதால் இரண்டையும் தவிர்க்கச் சொன்னீர்கள். ஆகவே கவாத்து செய்த பேரிக்காய்க் கிளைகளை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினேன். வெண்புகை மெலிந்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் நீலப்புகையாக மாறிய பிறகு கோழியை உள்ளே வைத்து, 110 டிகிரி செல்சியஸில் வேகவிட்டு, தொடையின் தடித்த பகுதி 74 டிகிரியைத் தாண்டியதும் எடுத்தேன். கசப்பு அறவே இல்லை. தோல் மட்டும் ரப்பர் போல இழுத்தது. அதைச் சூடான தோசைக்கல்லில் சிறிது நேரம் போட்டால் மொறுமொறுப்பாகிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர் கடுமையான இரவுகளில், வெப்பத்தைத் தக்கவைக்க ஹீட்டர் நெடுநேரம் அணையாமல் எரிவதால், சில்லுகள் விரைவாகக் கருகிப் பகலைவிட அதிகமாகப் புகைகின்றன. பனிக்காலத்தில் சில்லுத் தட்டைப் பாதியளவு நிரப்பினாலே போதும்.