வெண்ணாற்று மாதிரியை கிளவுடில் ஓட்டுவது: 64 கோர் எடுத்தும் வேகம் கூடவில்லை

மூணாறு_தலைப்பு (கேள்வி)

வணக்கம். காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பாசனப் பகுதிக்கு, மழை, மண், பயிரை வைத்து ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும் ஸ்வாட் பிளஸ் கணினி மாதிரி அமைத்திருக்கிறேன். ஒரு ஓட்டத்துக்கு என் லேப்டாப்பில் நாலு நிமிடம் ஆகிறது. காலிப்ரேஷனுக்கு (அளந்த கணக்கோடு ஒட்டும்வரை மாதிரியின் எண்களை மாற்றிப் பார்ப்பதற்கு) 2,000 ஓட்டம் என்றால் 8,000 நிமிடம், அதாவது ஐந்தரை நாள். இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் நடுவில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, திரும்ப முதலிலிருந்து. சரி என்று கிளவுடில் 64 கோர் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் 150 ஓட்டம்கூட முடியவில்லை, பில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. எங்கே தவறு?

இன்னொன்று. முடிந்த ஓட்டங்களில் நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு வரும் நீர், அளந்த கணக்கோடு ஒட்டவே இல்லை. நவம்பரில் இரண்டு மடங்கு காட்டுகிறது, ஜூலையில் ஆறு காய்ந்து கிடக்கிறது. கிளவுடில் ஏற்றும்போது ஃபைல் ஏதாவது கெட்டிருக்குமா?

கொள்ளிடக்கரை

வேகத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஒரு ஸ்வாட் ஓட்டம் ஒரே கோரில்தான் ஓடும், 64 கோர் கொடுத்தாலும் மீதி 63 சும்மா நிற்கும். நீங்கள் 64 ஓட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உள்ளீட்டு ஃபோல்டரின் தனி நகல் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று எழுதுவதை இன்னொன்று அழித்துவிடும். அந்த நகல்களை டிஸ்கில் வைக்காமல் மெமரியில் வைத்துப் பாருங்கள், எனக்கு அதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது, ஏனென்றால் ஸ்வாட் கணக்குப் போடுகிற நேரத்தைவிட டெக்ஸ்ட் ஃபைல் எழுதுகிற நேரம் பல சமயம் அதிகம். எந்த முடிவுகளை ஃபைலில் எழுதுவது என்று சொல்லும் பிரின்ட் செட்டிங்கில் உங்களுக்கு வேண்டிய வாய்க்கால் நீரோட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மாதிரியையும் அதற்கு வேண்டியவற்றையும் எந்த மெஷினிலும் அப்படியே ஓடும் ஒரு டாக்கர் இமேஜாகக் கட்டி, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்நேக்மேக்கையோ நெக்ஸ்ட்ஃப்ளோவையோ வைத்து ஓட்டங்களைப் பிரித்துக் கொடுங்கள். அப்புறம் ஸ்பாட் மெஷின் (கிளவுட் கம்பெனியிடம் சும்மா கிடக்கும் மெஷின்) எடுக்கலாம், வாடகை மிகவும் குறைவு. ஆனால் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இரண்டு நிமிடம் முன்னால்தான் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் முடிவை உடனே ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிட வேண்டும். போனால் நாலு நிமிட வேலை போகும், அவ்வளவுதான். கடைசி ஓட்டம் முடிந்ததும் மெஷின் தானாக அணைகிற மாதிரி ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள், இதை மறக்கவே மறக்காதீர்கள். விசிபியு (கிளவுடில் எண்ணிக் கொடுக்கும் மெய்நிகர் கோர்) 64 என்றால் பெரும்பாலும் உள்ளே நிஜமான கோர் 32தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை_வடிகால்

தம்பி, ஃபைல் ஒன்றும் கெடவில்லை. ஜூலையில் நம் ஆற்றில் ஓடுவது மழைத்தண்ணீரா? மேட்டூர்த் தண்ணீர். கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திறந்துவிடும் கனஅடியை தினக்கணக்காக மாதிரிக்குள் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் ஆறு காய்ந்துதான் கிடக்கும். அதையும் எல்லா ஆண்டுக்கும் மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 என்று போட்டுவிடாதீர்கள். 2022-ல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது.

நவம்பர் விஷயம் இதைவிடப் பெரிது. ஸ்வாட் ஓடைகள் சேர்ந்து ஆறாவதற்கு எழுதப்பட்டது. நம் ஊரில் ஆறு பிரிந்துகொண்டே போகிறது. தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது, மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன, எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது ஷட்டர். சரிவை வைத்துப் பிரித்தால் தப்பாகத்தான் வரும். விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரப்படத்தில் எண்கள் முழு மீட்டரில்தான் இருக்கும், இங்கே ஒரு மீட்டர் இறங்கவே கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டும், தென்னந்தோப்பெல்லாம் அதில் மேடாகத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் 2,000 ஓட்டம் ஓட்டினால் தப்பான எண் வேகமாகக் கிடைக்கும்.

கல்லணைக்குக் கீழே ஆற்றுக்கு, வாய்க்காலிலும் குழாயிலும் நீர் ஓடுவதைக் கணக்கிடும் எஸ்டபிள்யூஎம்எம் மென்பொருளை எடுங்கள், அதன் டைனமிக் வேவ் முறையில் ஓட்டினால் பிரியும் கிளையை அது கணக்கிடும், லினக்ஸிலும் ஓடும். வயலிலிருந்து வடியும் நீருக்கு மட்டும் ஸ்வாட் இருக்கட்டும். கடல் பக்கம் ஓதத்தை (கடல் மட்டம் ஏறி இறங்குவதை) கொடுங்கள். வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலுக்கு மேனிங் எண்ணை (வாய்க்கால் நீரை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) கூட்டிப் போடுங்கள், போன ஐப்பசியில் எங்கள் வடிகாலில் ஒரு ஆள் அதன் மேல் கட்டையைப் போட்டு நின்று அரிவாளால் அறுத்தார், அவ்வளவு அடர்த்தி, தண்ணீர் அடியில் நகர்வதே தெரியவில்லை. அப்புறம் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரைப் போய்ப் பாருங்கள். ஷட்டர் எத்தனை அடி தூக்கினார் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

மூணாறு_தலைப்பு

ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். கல்லணைக் கணக்கை நான் சேர்க்கவே இல்லை, இப்போதுதான் உறைக்கிறது. நேற்று 16 கோரில் சோதனையாக 160 ஓட்டம் விட்டேன், தனித்தனி ஃபோல்டர், மெமரியில். முக்கால் மணி நேரத்தில் முடிந்து மெஷின் தானாக அணைந்துவிட்டது. ஆனால் 2,000-த்தை இப்போது ஓட்டப்போவதில்லை. லஸ்கரைப் பார்த்தேன், மூன்று வருஷ நோட்டை போனில் படம் எடுக்க விட்டார், சில பக்கம் மழையில் நனைந்து மை ஊறியிருக்கிறது. முதலில் அதை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும்.

கடைமடை_வடிகால்

ஊறின பக்கங்களை இங்கே போடுங்கள் தம்பி. எங்கள் பக்கத்து மதகில் அதே தேதிக்கு அளவுகோல் குறிப்பு என்னிடம் இருக்கிறது, ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.