விக்டரி மாடல்: அடிப்பகுதிக்குச் செம்பா, வெள்ளையா?

மரச்செதில்: எட்டு மாதமாக விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மர மாடல் செய்கிறேன். 1765 மே 7, இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் தண்ணீரில் இறங்கிய நாளன்று எப்படி இருந்ததோ அப்படியே வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பெட்டியோடு வந்த கையேடு அடியில் செப்புத் தகடு ஒட்டச் சொல்கிறது. ஒட்டலாமா? இன்னொரு சந்தேகம்: 1759 ஜூலையில் அடிக்கட்டை வைத்துக் கட்டத் தொடங்கிய கப்பலை இறக்க ஏன் ஆறு வருடம் ஆனது?

உளிக்காரன்: ஒட்டாதீர்கள் ஐயா. விக்டரிக்குச் செம்பு போட்டது 1780-இல்தான். அதற்கு முன் எண்ணெய், குங்கிலியம், கந்தகம் கலந்த வெள்ளைப் பூச்சுதான் வழக்கம். ஆறு வருடம் ஆனதற்குக் காரணம், பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்ததும் அவசரம் குறைந்துவிட்டது. எலும்புக்கூடு மாதிரி நின்ற சட்டங்கள் காற்றில் நன்றாகக் காய்ந்தன. நானும் மரவேலைக்காரன், பச்சை மரத்தின் தொல்லை எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறதே, அதில் இந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு. சுமார் 6000 மரங்கள், பெரும்பாலும் ஓக். தளத்தைப் பக்கச் சுவரோடு இணைக்கும் முட்டுச் சட்டங்களுக்கு இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடி எடுத்தார்கள். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டுப் பலம் போய்விடும்.

எஞ்சின் அறை: கப்பல் எஞ்சினியராக இருந்தவன் என்பதால் செம்பைப் பற்றிச் சொல்கிறேன். கப்பல் புழு மரத்தைத் துளைக்காமல் காத்தது, பாசி பிடிக்காததால் வேகமும் கிடைத்தது. ஆனால் உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும். 1761-இல் அலார்ம் என்ற கப்பலுக்கு முதலில் செம்பு போட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பியதும் பார்த்தால் இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் அப்படியே இருந்தன! தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் ஒட்டிக்கொண்டு, இரண்டு உலோகமும் தொடாமல் தடுத்திருக்கிறது. ஒரு துண்டுக் காகிதம்! நாங்கள் எஃகு உடலில் துத்தநாகக் கட்டி வைத்து, எஃகுக்குப் பதில் அதை அரிக்கவிடுவதும் இதே கணக்குதான். 1780-களில் இரும்பை விட்டு செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

மரச்செதில்: ரொம்ப நன்றி, இருவருக்கும். இடப்பக்கம் இரண்டு வரிசை ஏற்கெனவே ஒட்டிவிட்டேன். இன்று ராத்திரி வெந்நீர்த் துணி வைத்து, மரம் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். வெள்ளைப் பூச்சு தூய வெள்ளையா, மங்கலா?

உளிக்காரன்: மங்கல்தான். கந்தகம் இருக்கிறதே, வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து பூசுங்கள்.