'ஆல்ரெடி' என்பதற்கு எல்லா இடத்திலும் 'ஏற்கெனவே'தானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் திரையில் காட்டும் செய்திகளில் வரும் 'ஆல்ரெடி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் 'ஏற்கெனவே' என்றே இடலாம் என்று நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலுக்கு முன்மொழியப்பட்டுள்ளது. அச்சொல்லில் எனக்கு மறுப்பில்லை. 'எங்கும்' என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை.

ஆங்கிலத்தில் 'ஆல்', 'ரெடி' என்னும் இரண்டும் சேர்ந்து 'முழுதும் ஆயத்தமாக' என்ற பொருளில் பிறந்த இச்சொல், இன்று ஒரு நிலை எதிர்பார்த்த வேளைக்கு முன்னரே வந்துவிட்டது என்பதையும், பேசும் பொழுதிலும் அது நீடிக்கிறது என்பதையும் பெரும்பாலும் ஒருசேர உணர்த்துகிறது. நம் 'ஏற்கெனவே'யோ முன்பு நடந்தது என்ற அளவிலேயே நின்றுவிடக்கூடும். 'இச்செயலி ஏற்கெனவே நிறுவப்பட்டது' என்று படிப்பவர், முன்பொருமுறை நிறுவிப் பின்பு நீக்கியிருக்கலாம் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்று எழுதினால் அந்த ஐயம் எழாது. பொருளின் பாதியை வினைமுற்றே சுமக்கிறது. ஆதலால் பட்டியலில் வினையடையை மட்டும் எழுதி, முற்றை மொழிபெயர்ப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், பிழை அந்த வழியாகவே நுழையும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்பார்த்ததைவிட விரைவில் என்னும் குறிப்பைத் தமிழ் பல நேரங்களில் தனிச்சொல் இல்லாமலே தருகிறது. 'காலையிலேயே அனுப்பிவிட்டேன்', 'நேற்றே முடிந்துவிட்டது' என்னும் தொடர்களில் ஓர் ஏகாரமும் 'விடு' என்னும் துணைவினையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் (உறுதிப்படுத்தல்) பிரிநிலையும் (ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டல்) இருப்பதை எண்ணும்போது, இந்த எழுத்தின் ஆற்றலை நாம் மொழிபெயர்ப்பில் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வியப்பு மேலோங்கும் இடத்தில் 'அதற்குள்' என்பதே இயல்பு: 'அதற்குள் பத்து மணி ஆகிவிட்டதா?' என்று கேட்போமே தவிர, அங்கே 'ஏற்கெனவே' என்று யாரும் சொல்வதில்லை.

எதிர்மறையில் 'இன்னும்' வரவேண்டும். 'ஏற்கெனவே சேமிக்கப்பட்டுள்ளது' என்பதன் இணை 'இன்னும் சேமிக்கப்படவில்லை' என்பதே. இவ்விரண்டையும் பட்டியலில் அருகருகே வைப்பது நல்லது.

இடம் குறுகிய பொத்தான்களுக்கு இலங்கை எழுத்துத் தமிழில் வழங்கும் 'ஏலவே' என்பதை மாற்றுச்சொல்லாக ஏற்கலாம் என்பது என் விருப்பம். ஐந்தெழுத்துக்கு மூன்றெழுத்து என்பதைவிட, வழக்கில் உயிரோடிருக்கும் சொல் என்பதே அதை நான் பரிந்துரைக்கக் காரணம். தமிழகப் பயனர் சிலருக்கு அது முதலில் புதிதாக இருக்கும். ஓரிரு முறை கண்ணில் பட்டால் பழகிவிடும். 'ஏற்கனவே', 'ஏற்கெனவே' என்னும் இரு வடிவங்களும் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் கலந்து கிடப்பதால் தேடல் தவறுகிறது. பின்னதையே நிலைப்படுத்துமாறு வேண்டுகிறேன்.

ஆகவே பட்டியலில் இச்சொல்லுக்கான பதிவு இவ்வாறு அமையலாம்: நிலையைக் கூறும் செய்திகளில் 'உள்ளது' என்னும் முற்றோடு 'ஏற்கெனவே', செயல் முடிந்ததை மட்டும் காட்டும் சிட்டைகளில் (லேபிள்களில்) 'படித்தாயிற்று', 'அனுப்பியாயிற்று' போன்ற முற்றுகள், விரைவைக் குறிக்கும் இடங்களில் 'அதற்குள்' அல்லது ஏகாரம். இவற்றுள் அடங்காத செய்தி எதையேனும் கண்டவர்கள் அதை முழுத்தொடராக எடுத்து எழுதினால், இறுதி செய்வதற்கு முன் சேர்த்துப் பார்க்கலாம்.