பழைய மொரிஸ் மைனர்ல அறுகம்பே போகலாமா?

பண்டாரவளை பொடியன்:
அப்பாவோட மொரிஸ் மைனர் பல வருசமா கொட்டகையில கெடக்கு. சின்ன வயசுல ஆகஸ்ட் லீவுக்கு அதுலதான் எல்ல, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில்னு அறுகம்பே கடக்கரைக்கு போவோம், அலைச்சறுக்கு பலகைய தூக்கிட்டு அலைக்கு போறவங்கள மணல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன், மலைக் குளிர்ல வளந்த எனக்கு அந்த உப்புக் காத்து இன்னும் மூக்குலயே நிக்குது. அதே கார்லதான் திரும்ப போகணும். என்ன பாக்கணும்?

ஊவா ரோடு:
மொதல்ல பிரேக் தம்பி. நாலு வீல்லயும் டிரம் பிரேக்தான், வெல்லவாய எறக்கத்துல மிதிச்சுக்கிட்டே போனா சூடாகி பிடிக்காது. செகண்ட் கியர்ல எறங்குங்க, ராவணா எல்ல அருவிகிட்ட நிப்பாட்டி ஆறவிடுங்க. பிரேக் ஆயில், ரப்பர் எல்லாம் மாத்தாம எடுக்கவே வேணாம்.

தேயிலக்காடு:
எஞ்சின் எது? 1962ல தான் 948 சிசி போயி 1098 வந்துச்சு, பழசுன்னா திரும்பி ஏறுறப்ப மெதுவாத்தான் வரணும், ரேடியேட்டர கழுவிருங்க. கடக்கரையில நிப்பாட்டுனா வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்த நல்ல தண்ணி அடிச்சு கழுவுங்க, உப்பு தகரத்த தின்னுரும்.

பண்டாரவளை பொடியன்:
948 தான் அண்ணே. நாளைக்கே பிரேக்க கழட்டுறேன். அம்மாவையும் கூட்டிட்டு போவேன், அவங்க முன் சீட்லதான் உக்காருவாங்க.