மூன்று கோடாகப் பிரியும் மெத்திலேஷன்: சிறுவயது நெருக்கடியின் தடமா, பிறப்பிலேயே வந்த மாற்றமா?

இழைமணி கேட்டது:

தென்னிந்தியர் 96 பேரின் முழு ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை, மெத்திலேஷனை (மெத்தில் என்ற சிறு வேதிக்குழு டி.என்.ஏ.வில் ஒட்டுவதை) அளக்கும் எபிக் சிப்பின் முதல் பதிப்பில் ஓட்டிய தரவு கையில் இருக்கிறது. 48 பேர் 15 வயதுக்குள் பெற்றோர் மரணம், வீட்டு வன்முறை, நீண்ட பட்டினி என ஏதாவது ஒன்றையாவது சந்தித்தவர்கள். மற்ற 48 பேர் அப்படி இல்லாதவர்கள். வயதும் பாலினமும் இரு பக்கமும் பொருந்துகின்றன.

முதலிடத்தில் வரும் சிபிஜி இடத்தின் (டி.என்.ஏ.வில் சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடம்) பீட்டா மதிப்பு, அதாவது மெத்தில் ஏறிய பங்கு, 0.05, 0.5, 0.9 என்று மூன்று கோடாகப் பிரிகிறது. நெருக்கடிக் குழுவில் கீழ்க்கோட்டில் இருப்பவர்கள் அதிகம். அதற்கடுத்த நாற்பது இடங்களில் 3 முதல் 4 சதவீதப் புள்ளி வித்தியாசம், எல்லாம் ஒரே திசையில். நெருக்கடி ஆய்வுகளில் பலரும் எழுதியிருக்கும் எஃப்கேபிபி5 மரபணுவில் ஒன்றும் தெரியவில்லை.

இதில் எதை நம்பலாம்? இந்த இடங்களைச் சிம்பன்சி, நியாண்டர்தால் வரிசைகளோடு ஒப்பிட்டால் பரிணாமம் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? இந்த அடையாளம் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று எழுதலாமா?

நெல்லிக்கனி பதில்:

மூன்று கோடு தெரிந்தால் முதல் சந்தேகம் ஸ்னிப் (ஆளுக்கு ஆள் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறியிருக்கும் இடம்) மேல்தான் விழ வேண்டும். வாழ்க்கை அனுபவம் ஒரு இடத்தின் மெத்திலேஷனைச் சில புள்ளிகள் நகர்த்தும். ஆட்களை 0.05, 0.5, 0.9 என்று மூன்று கட்டாகப் பிரிக்காது. பிரிப்பது மரபணு வகை: இரண்டு பிரதியும் சி (சைட்டோசின்), ஒன்று சி ஒன்று டி (தைமின்), இரண்டும் டி.

சிப்பில் ஏற்றுமுன் டி.என்.ஏ.வில் சேர்க்கும் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள் மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக்குகிறது. பெருக்கிய பிறகு சிப் அதை டி என்று படிக்கிறது. ஒருவருக்குப் பிறப்பிலேயே அந்த இடத்தில் டி இருந்தாலும் சிப் படிப்பது அதே டி. ஆக, அந்த இடத்தில் சைட்டோசினே இல்லாத ஆள் 'மெத்திலேஷன் பூஜ்யம்' என்று பதிவாகிறார்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. நீங்கள் கேட்ட பரிணாமம் இங்கேயே இருக்கிறது. மெத்தில் ஏறிய சைட்டோசின் தானாக அமீன் இழந்தால் தைமின் ஆகிறது. தைமின் டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து என்பதால் பழுதுநீக்கும் நொதிகள் அதைப் பல நேரம் கோட்டை விடுகின்றன. மெத்தில் இல்லாத சைட்டோசின் அமீன் இழந்தால் வருவது யுராசில், அது டி.என்.ஏ.வுக்கு அந்நியம், உடனே வெட்டி எறியப்படும். அதனால்தான் சிபிஜி இடங்களில் பிறழ்வு மற்ற இடங்களைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. மனித மரபணுத்தொகுதியில் இருக்கவேண்டிய சிபிஜியில் ஐந்தில் ஒரு பங்குதான், சுமார் 2.8 கோடி இடங்கள், மிச்சம். நீங்கள் அளப்பதற்குத் தேர்ந்த இடமே ஸ்னிப் உருவாவதற்கு மிக வாய்ப்பான இடம்.

செய்ய வேண்டியவை. மின்ஃபி என்ற மென்பொருள் தொகுப்பில் கேப்ஹன்டர் கட்டளையை 0.05 இடைவெளியோடு ஓட்டுங்கள். பிரியும் இடங்கள் தனியே வரும். பிறகு புரோப் (சிப்பில் ஒவ்வொரு இடத்தையும் படிக்கும் டி.என்.ஏ. துண்டு) விலக்குப் பட்டியல். ஐரோப்பியருக்கான பட்டியலைப் போடாமல் தெற்காசியருக்கானதைப் போடுங்கள். ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் தெலுங்கரும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த ஸ்னிப் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புரோப்பைத் தூக்கிவிடுங்கள். 1,029 இந்தியரின் முழு வரிசை கொண்ட இண்டிஜென் தரவையும் பாருங்கள். அதோடும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நம் ஊரில் சொந்தத்துக்குள், சாதிக்குள் திருமணம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. உலகத் தரவில் அபூர்வமான ஸ்னிப் ஒரு சமூகத்தில் மட்டும் மலிந்திருக்கும். ஒரே வகை இரட்டைப் பிரதி கூடுவதால் நடுக்கோடு மெலிந்து, மூன்று கோடு இரண்டாகவே தெரியக்கூடும்.

உங்கள் தரவில் எனக்குப் பெரிய கவலை இதுதான்: நெருக்கடிக் குழுவும் மற்ற குழுவும் ஒரே சமூகக் கலவையா? பட்டினியும் வன்முறையும் எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் இல்லை. கலவை வேறாக இருந்தால் சமூகத்தின் மரபணு வேறுபாடு 'நெருக்கடியின் தடம்' என்ற பெயரில் அச்சேறிவிடும். அது வெறும் தவறல்ல. ஒரு சமூகத்தின் உடம்பிலேயே குறை இருப்பதாகப் பிறர் படிக்க வழி கொடுக்கும். மரபணு வகைச் சிப் ஓட்ட முடிந்தால் முதல் சில முதன்மைக் கூறுகளை (ஆட்களின் மரபணு வேறுபாட்டைச் சுருக்கிச் சொல்லும் எண்கள்) புள்ளியியல் மாதிரியில் சேருங்கள். முடியாவிட்டால் எபிக் சிப்பில் உள்ள 59 ஸ்னிப் புரோப்களையாவது பாருங்கள். குழாய் மாறியதா, ஒரே ஆள் இரண்டு முறை வந்தாரா என்பதைப் பிடிக்க அவை போதும். சமூகப் பிரிவைக் காட்டப் போதாது.

பாலைத்திணை பதில்:

மூன்று கோட்டு விஷயத்தில் நெல்லிக்கனி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. கோடு பிரிந்தால் ஸ்னிப் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஸ்னிப் ஒன்று உண்மையான மெத்திலேஷனையே தீர்மானிக்கலாம். இரண்டையும் பிரிக்க பைசல்ஃபைட் வரிசையாக்கத்தில் எதிர் இழையைப் படியுங்கள். சி உண்மையிலேயே டி ஆகியிருந்தால் எதிர் இழையில் ஜி இருந்த இடத்தில் ஏ வரும். மெத்தில் இல்லாததால் டி ஆகத் தெரிந்தது என்றால் எதிர் இழையில் ஜி அப்படியே நிற்கும்.

இனி அந்த நாற்பது இடங்கள். எல்லாம் ஒரே திசையில் 3, 4 புள்ளி என்றதுமே கை ரத்தத்தில் உள்ள செல் வகைகளின் விகிதத்துக்குப் போக வேண்டும். கணக்கு எளிது. வெள்ளணுக்களில் இரண்டு வகை லிம்போசைட்டும் நியூட்ரோஃபிலும்; ஒரு இடம் லிம்போசைட்டில் 90 சதவீதம், நியூட்ரோஃபிலில் 30 சதவீதம் மெத்தில் ஏறியது என்று வையுங்கள். நியூட்ரோஃபில் பங்கு 55-லிருந்து 62 ஆனால் முழு ரத்தத்தில் 4.2 புள்ளி இறங்கும். ஒரு செல்லிலும் ஒரு மெத்தில் கூட மாறியிருக்காது. நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் ஏறினால் நியூட்ரோஃபில் கூடும், லிம்போசைட் குறையும் என்பதால் நெருக்கடி ஆய்வில் இந்தக் குழப்பம் கூடவே பிறந்தது. எபிக் சிப்புக்கான ரத்தச் செல் மேற்கோள் தொகுப்பை வைத்து ஆறு செல் வகைகளின் பங்கை மதிப்பிட்டு, மாதிரியில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். நாற்பதில் எத்தனை நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது புகை. சிறுவயதில் அடிபட்டவர்களிடையே புகைப்பவர் அதிகம். ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் உள்ள சிஜி05575921 என்ற இடம் புகைப்பவரிடம் தெளிவாக இறங்கும். படிவத்தில் 'புகைப்பதில்லை' என்று எழுதியவரையும் இந்த இடம் காட்டிக்கொடுக்கும். இதையும் மாதிரியில் சேருங்கள்.

எண்ணிக்கையையும் நேராகப் பார்க்க வேண்டும். எபிக் சிப்புக்கு ஏற்கப்பட்ட பி-மதிப்பு வரம்பு (தற்செயலாக வர இருக்கும் வாய்ப்பு) பத்துக் கோடியில் ஒன்பது பங்கு, அதாவது 0.00000009. ஒரு இடத்தின் திட்ட விலக்கம் 3 புள்ளி என்றால், 48-க்கு 48 வைத்து 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக்கூடியது சுமார் 3.8 புள்ளி வித்தியாசம். 2 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 170-க்கு மேல் ஆள் வேண்டும். நெருக்கடி ஆய்வுகளில் உண்மையாக வருவது பெரும்பாலும் அந்தச் சிறிய வித்தியாசம்தான்.

எஃப்கேபிபி5 வராததில் வியப்பில்லை. 2013-இல் வெளியான ஆய்வில் மாற்றம் தெரிந்தது அந்த மரபணுவின் ஏழாவது இன்ட்ரானில் (புரதமாக மொழிபெயராத துண்டு), கார்டிசாலைப் பற்றும் குளுகோகார்ட்டிகாய்டு ஏற்பி வந்து ஒட்டும் பகுதியில். சிப்பின் புரோப்கள் அந்தப் பகுதியைச் சரியாகத் தொடுவதில்லை. மேலும் அங்கே மெத்தில் இறங்கியது ஆர்எஸ்1360780 ஸ்னிப்பில் டி வகை உள்ளவர்களுக்கு, அதிலும் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டும். மரபணு வகை தெரியாமல் சராசரி எடுத்தால் சமிக்ஞை கரைந்துவிடும்.

அந்தப் பகுதியைத் தனியாகப் பெருக்கி வரிசையாக்குவதானால் தொடங்கும் டி.என்.ஏ. அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 நானோகிராமில் இருப்பது சுமார் 3,000 பிரதி. பைசல்ஃபைட் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும், பத்தில் ஒன்பது அழிந்தால் மிஞ்சுவது 300. அதை 10,000 முறை படித்தாலும் அதே 300-ஐத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள். 80 சதவீத மெத்திலேஷன் உள்ள இடத்தில் 300 பிரதி என்றால் பிழை 2.3 புள்ளி, 1,000 பிரதி என்றால் 1.3. நீங்கள் தேடும் வித்தியாசமே 2 புள்ளிதான். 200 நானோகிராமுக்குக் குறையாமல் தொடங்கி, துண்டு நீளத்தை 300 எழுத்துக்குள் வைத்து, பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) உட்காரும் இடத்தில் ஸ்னிப்போ சிபிஜியோ இல்லாமல் பாருங்கள். பூஜ்யம், 50, 100 சதவீதக் கலவைகளை ஒவ்வொரு தட்டிலும் கூடவே ஓட்டுங்கள். 50 என்று கலந்தது 35 என்று படித்தால் பெருக்கம் ஒரு பக்கம் சாய்கிறது. பிரைமரை மாற்ற வேண்டும்.

வேங்கைமரம் பதில்:

செல் விகிதத்தில் பாலைத்திணையோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். நெருக்கடியே செல் விகிதத்தை மாற்றுகிறது என்றால் அது குழப்பக் காரணி மட்டுமில்லை, விளைவின் பாதையும்கூட. திருத்திய மாதிரி, திருத்தாத மாதிரி இரண்டின் முடிவையும் அட்டவணையில் கொடுங்கள். திருத்தியதும் மறைவதைச் 'செல் கலவை மாற்றம்' என்று எழுதுங்கள். அதுவும் உடம்பில் நடந்த நிஜமே.

காரணத்தை நிறுவுவதற்கு மனிதரில் உள்ள தடை, யாரையும் நெருக்கடிக்குள் தள்ளிப் பார்க்க முடியாது என்பது. ரீசஸ் குரங்குகளில் இதைச் செய்தார்கள். 45 பெண் குரங்குகள், ஐந்து ஐந்தாக ஒன்பது குழு. முதலில் விடப்பட்டது மேல்நிலைக்கும் கடைசியில் விடப்பட்டது கீழ்நிலைக்கும் போகும். பிறகு குழுக்களைக் கலைத்து மறுபடி அடுக்கி, நிலை மாறும்போது நோயெதிர்ப்பு மரபணுக்களின் வெளிப்பாடும் மாறுவதைக் காட்டினார்கள். 2016-இல் வெளியானது. கீழ்நிலைக் குரங்கின் செல்கள் பாக்டீரியத் தூண்டலுக்கு அழற்சியாக எதிர்வினை காட்டின. நிலை உயர்ந்தபோது அது பெரும்பாலும் மாறியது என்பதை மறக்காமல் எழுதுங்கள். நெருக்கடியின் தடத்தை அழியாத வடுவாகச் சித்தரிப்பது தரவை மீறிய பேச்சு.

அடுத்த தலைமுறை: எழுதாதீர்கள். உங்கள் தரவில் அடுத்த தலைமுறையே இல்லை. பாலூட்டிகளில் கருவுற்றதும் ஒருமுறை, இனச்செல்கள் உருவாகும்போது இன்னொருமுறை மெத்திலேஷன் பெரும்பாலும் துடைக்கப்படுகிறது. எலியில் ரோம நிறத்தைத் தீர்மானிக்கும் அகூட்டி மரபணு பக்கம் உள்ளது போன்ற சில இடங்கள் தப்பிக்கின்றன, அவை விதிவிலக்கு. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த 2008 ஆய்வில் கருத்தரித்த காலத்தில் பஞ்சத்தில் சிக்கிய 60 பேரை அவர்களின் சொந்த உடன்பிறந்தவரோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சி மரபணுவான ஐஜிஎஃப்2-இன் மெத்திலேஷன் 0.515-க்குப் பதில் 0.488. '5 சதவீதம்' என்று சொல்லப்படுவது சார்பளவு, புள்ளிக் கணக்கில் 2.7. பட்டினி அந்தக் கருவையே நேரடியாகத் தொட்டது. இது மரபாகக் கடந்ததல்ல. கர்ப்பிணி ஒருத்தி பட்டினி கிடந்தால் அவளும், வயிற்றுப் பிள்ளையும், அந்தப் பிள்ளைக்குள் உருவாகும் இனச்செல்லும் ஒன்றாகப் பட்டினியைச் சந்திக்கின்றன. கடந்தது என்று சொல்லக் கொள்ளுப்பேரப்பிள்ளைவரை போக வேண்டும். அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உடன்பிறந்தவரை ஒப்பிடும் முறை. உங்கள் சமூகக் கலவைச் சிக்கலுக்கும் அதுவே நல்ல மருந்து.

நியாண்டர்தால் ஒப்பீடு சுவையானது, ஆனால் கேள்வி வேறு. பழைய எலும்பில் மெத்தில் இல்லாத சைட்டோசின் காலப்போக்கில் யுராசிலாகவும், மெத்தில் ஏறியது தைமினாகவும் சிதைகிறது. ஆய்வகத்தில் யுராசிலை நொதியால் அகற்றிவிட்டால் சிபிஜியில் மிஞ்சும் சி-டி மாற்றம் மெத்திலேஷனின் சுவடு. 2014-இல் நியாண்டர்தால், டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனங்கள் இரண்டுக்கும் மெத்திலேஷன் வரைபடம் போட்டது இப்படித்தான். நெல்லிக்கனி சொன்ன அதே வேதிச் சிதைவு. அது பக்கத்துப் பக்கத்து இடங்களைக் கூட்டிய சராசரி. தனி இடத்தைச் சொல்லாது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே ஆள், அதுவும் எலும்பு. உங்கள் ரத்தத்தில் தெரியும் 3 புள்ளி அங்கே தெரிய வழியில்லை. சிம்பன்சி வரிசையால் ஒரு சின்னப் பயன் உண்டு: அங்கேயும் சிஜி இருந்தால் உங்கள் முதலிட ஸ்னிப்பில் டி பின்னால் வந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

இழைமணி:

கேப்ஹன்டரில் முதலிடமும் கூடவே இன்னும் ஆறும் பிடிபட்டன. செல் விகிதமும் புகையும் சேர்த்ததும் நாற்பதில் மூன்று நிற்கிறது. உடன்பிறந்தவர்களின் ரத்த மாதிரி சேகரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாலைத்திணை:

ஒரு எபிக் சிலைடில் எட்டு பேரின் டி.என்.ஏ. மாதிரி. அண்ணனையும் தம்பியையும் ஒரே சிலைடில் வையுங்கள். யார் மேல் வரிசை, யார் கீழ் வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நெருக்கடிப்பட்டவர் எல்லாரையும் முதல் தட்டில் ஏற்றினால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. ரத்தம் எடுக்கும் நேரம் எல்லாருக்கும் காலை 8 முதல் 10-க்குள். கார்டிசாலும் செல் விகிதமும் நாள் முழுக்க ஏறி இறங்குபவை. காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஆகாதவரைத் தள்ளிப்போடுங்கள். ரத்தச் செல் எண்ணிக்கையை அன்றே எடுத்துவிட்டால் மதிப்பீட்டைச் சரிபார்க்கலாம்.

வேங்கைமரம்:

வினாப்படிவத்தில் 'உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா' என்று கேட்காதீர்கள். தமிழில் பலர் அதை மனச்சோர்வு நோய் என்று எடுத்துக்கொண்டு 'இல்லை' என்பார்கள். 'பத்து வயதுக்குள் அப்பா அல்லது அம்மா இறந்தார்களா', 'ஒருவேளைச் சாப்பாட்டோடு படுத்த நாட்கள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததா' என்று நிகழ்வையும் வயதையும் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தாலும், அப்பா இறந்தபோது ஒருவருக்கு வயது 4, இன்னொருவருக்கு 14 என்றிருக்கும். உங்கள் ஒப்பீடு நிற்கப்போவது அந்தப் பத்து வருட இடைவெளியின் மேல்.