பில் வார்டு இல்லாத '13': அது பிளாக் சப்பாத்தின் மீள்வருகைதானா?

தாளக்காதலி:
போன வாரம் ஆறாம்கம்பி அண்ணா எழுதியிருந்தார்: "2013-இல் '13' ஆல்பத்தோடு பிளாக் சப்பாத் இசைக்குழு திரும்பி வந்ததுதான் மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் வரலாற்றிலேயே பெரிய மீள்வருகை." எனக்கு இது ஒப்பவே இல்லை. 1968-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் பகுதியில் ஒன்று சேர்ந்தவர்கள் நான்கு பேர்: கிதார் டோனி அயோமி, பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், பேஸ் கிதார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்டு. '13'-இல் பில் இல்லாமல் மூன்று பேர்தான். டிரம்ஸ் வாசித்தது ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க். நல்ல வாசிப்பாளர், மறுக்கவில்லை. ஆனால் கட்டிலின் ஒரு காலை மாற்றிவிட்டு, இது எங்கள் தாத்தா படுத்த கட்டில் என்று எப்படிச் சொல்வது?

ஆறாம்கம்பி:
தங்கச்சி, மிச்சம் இருந்த மூவரில் ஒருவர் என்ன நிலையில் இருந்தார் என்றும் பார்க்க வேண்டும். மீண்டும் சேர்கிறோம் என்று 2011 நவம்பர் 11 அன்று நால்வரும் சேர்ந்துதான் அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. அவர் சிகிச்சைக்காக மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலஸை விட்டு இங்கிலாந்துக்கு வந்தார்கள். 2013 ஜூனில் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். அதற்கு முன் அங்கே அவர்களுக்கு முதலிடம் கிடைத்தது 1970-இல், 'பாரனாய்டு'க்கு. நடுவில் கிட்டத்தட்ட 43 வருடம்! அமெரிக்காவில் முதலிடம் என்பது அதுவே முதல் தடவை. மருந்து ஏறிய உடம்போடு ஒருவர் செய்த வேலை இது. இதை மீள்வருகை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பிரஸ்ஷாப்காரன்:
இரண்டு பேரும் தவறான வருடத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் தகடுகளை மெஷினால் அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் 11 வருடம் வேலை செய்தவன், அதனால் எனக்கு இந்தக் கதை வேறு மாதிரிதான் தெரியும்.

பிளாக் சப்பாத் தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. அயோமிக்கு அப்போது 17 வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். அன்று கடைசி நாள், அடுத்து இசைக்குழுவோடு வெளிநாடு போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். அம்மாதான் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். பிரஸ்ஸில் வேலை செய்பவர் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். இப்போதைய மெஷின்களில் இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினால்தான் ராம், அதாவது அழுத்தும் பாகம், இறங்கும். கை உள்ளே போகவே வழி இல்லை. அந்தக் காவல் இல்லாத மெஷின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவதே அந்த வலது கைதான்.

அப்புறம் அவர் செய்ததைக் கவனியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக்கோலால் விரல் நுழையத் துளை போட்டு, தேய்த்துத் தேய்த்து வடிவம் கொண்டுவந்தார். மேலே தோல் துண்டு ஒட்டினார். சாதாரணக் கம்பி அழுத்த முடியாமல் வலித்ததால் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னாளில் சுருதியையே இறக்கினார்கள். இன்று உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் கம்பியைத் தளர்த்தி வாசிக்கிற அந்தக் கனத்த சத்தத்தில் அந்தக் காயத்துக்கும் பங்கு இருக்கிறது. மீள்வருகை அங்கே, ஒரு வீட்டு அறையில் நடந்து முடிந்துவிட்டது. அயோமி எங்கே இருக்கிறாரோ அதுதான் சப்பாத்.

தாளக்காதலி:
பிரஸ்ஷாப்காரன் அண்ணா, படிக்கும்போதே விரல் கூசியது. ஆனால் முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போல வாசித்துப் பதிந்தார்கள். அதில் பில் வெறுமனே தாளம் பிடிக்கவில்லை, கிதாருக்குப் பதில் சொல்கிறார். ஜீன் க்ரூபா, பட்டி ரிச் என்று ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த கை அது. 'வார் பிக்ஸ்' பாட்டில் ஓஸி பாடும் வரிகளுக்கு நடுவே ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு மட்டும் தனியாக நடக்குமே, அதை மெட்ரோனோம் என்ற தாளக் கருவி வைத்து நான் எத்தனையோ தடவை வாசித்துப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரியாக இருக்கும், பாட்டு செத்துப்போயிருக்கும்.

நான் நான்கு வருடம் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். ஒத்திகை அறை வாடகையில் என் பங்கும் உண்டு. பாட்டு வெளியானபோது அதில் இருந்தது வேறொருவரின் வாசிப்பு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் பில் "கையெழுத்திடக்கூடிய ஒப்பந்தம் கொடுங்கள்" என்று கேட்டு வெளியே நின்றபோது எனக்கு வலித்ததற்கு அதுவும் காரணம். 1979-இல் ஓஸியை நீக்கியபோது அவரிடம் போய்ச் சொல்லும் வேலையைக்கூட பில் தலையில்தான் வைத்தார்கள்.

ஆறாம்கம்பி:
உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. பில் விஷயத்தில் மட்டும், அவர் உடம்பு நீண்ட சுற்றுப்பயணத்தைத் தாங்காது என்று ஓஸியும் பின்னால் சொன்னார். 1998-இல் பில்லுக்கு மாரடைப்பு வந்ததை மறக்கக் கூடாது.

தாளக்காதலி:
உடம்பு தாங்காதென்றால் ஆல்பத்திலாவது வாசித்திருக்கலாமே அண்ணா. ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிக்க எந்தச் சுற்றுப்பயணமும் வேண்டாம்.

வில்லாபார்க் வாசல்:
2025 ஜூலை 5-ஐ யாருமே சொல்லவில்லையே! வில்லா பார்க் மைதானம், அதே ஆஸ்டனில். நால்வரும் ஒரே மேடையில், 20 வருடத்துக்குப் பிறகு. பார்கின்சன் நோயால் நடக்க முடியாத ஓஸி சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். நான்கே பாட்டு. அவர் வளர்ந்த லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம் அந்த மைதானத்துக்கு. இளம் வயதில் ஒரு திருட்டு வழக்கில் அபராதம் கட்ட முடியாமல் வின்சன் கிரீன் சிறைக்குப் போன பையன் அவர். அந்த ஊரே கூடி அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. 17 நாள் கழித்து ஜூலை 22-இல் இறந்துபோய்விட்டார்.

பிரஸ்ஷாப்காரன்:
அயோமிக்கு அன்று வயது 77. விரல் நுனியில் அதே மாதிரி தொப்பி.

ஆறாம்கம்பி:
சரி, "பெரிய" என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீள்வருகை என்பதை மட்டும் விட மாட்டேன். 2013-இல் அயோமி எழுந்து நிற்காவிட்டால் 2025-இல் மேடை ஏற ஆள் இருந்திருக்காது.

தாளக்காதலி:
அந்த மேடையில் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்' அண்ணா. நான் பில்லின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.